பிரயோகம் சரி, தகவல் தப்பு

உனக்கு நான் ஓர் ஆதாரம் தர வேண்டியிருக்கிறது. தி.நகர் ஜவுளிக்கடை லிஃப்டில் நாம் மாட்டிக்கொண்டு நின்ற அன்று நீ சொன்ன ஒரு வாக்கியத்துக்கு நான் பாதி மார்க்தான் போட்டேன். "பிரயோகம் சரி, தகவல் தப்பு" என்றேன். "எப்படித் தப்பு, நிரூபி" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் கிளம்பிவிட்டது. பிறகு பத்திரிகை கொடுக்கப் போவது, சமையல்காரரைப் பார்ப்பது என்று கல்யாண வேலைகள் வந்தன. நம் இருவருக்கும் அவை வசதியான சாக்காகிவிட்டன. நீயும் மறுபடி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதை உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் செய்தித்தாள் வேலையில் நான் பழகிய விதி ஒன்று உண்டு. பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ திருத்தமும் அதே பக்கத்தில் வர வேண்டும். உள்பக்கத்து மூலையில் யார் கண்ணிலும் படாமல் போட்டுத் தப்பிக்கக்கூடாது. நீ அந்த வாக்கியத்தை என் காதோடு சொல்லவில்லை. உனக்கு மனைவியாகப் போகிற கயல், அவள் அம்மா, அன்றுதான் நாம் பார்த்த லிஃப்ட்காரர், எல்லோர் முன்னாலும் சொன்னாய். எல்லோரும் உன்னைப் பாராட்டினார்கள். ஆகவே இந்தத் திருத்தத்தையும் எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

நம் வீட்டு விளையாட்டு என்னவென்று கயலின் அம்மாவுக்குத் தெரியாது. அவருக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். நீ சின்ன வகுப்பில் படித்தபோது தமிழ் வீட்டுப்பாடத்தில் 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்று ஒரு பகுதி வரும். எந்தச் சொல் வந்தாலும் நீ ஒரே அச்சில் வார்ப்பாய். 'நான் சோலையைப் பார்த்தேன். நான் வேழத்தைப் பார்த்தேன். நான் வறுமையைப் பார்த்தேன்.' உன் ஆசிரியை எல்லாவற்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார். அன்று முழுக்க மாநகராட்சிக் கூட்டத்தில் உட்கார்ந்து, யாரும் எதையும் உறுதியாகச் சொல்லாத பேச்சுகளைக் குறிப்பெடுத்துவிட்டு வந்திருந்தேன். உன் வாக்கியங்களைப் பார்த்ததும் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. வறுமையை எங்கேடா பார்த்தாய் என்று கேட்டேன். சும்மா எழுதினேன் என்றாய். சாப்பாட்டு மேஜையில் அன்றே இரண்டு விதி போட்டேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தெரிந்த சொல் ஒன்றை வைத்தால் வாக்கியம் எதையாவது இழக்க வேண்டும். இழக்கவில்லை என்றால் புதுச்சொல் அங்கே வீண். அது பிரயோகத்துக்கான மார்க். இரண்டாவது, வாக்கியம் நடந்ததைச் சொல்ல வேண்டும், கற்பனை கூடாது. அது தகவலுக்கான மார்க். தப்பென்று சொல்பவர்தான் அதே சொல்லில் உண்மையான ஒரு வாக்கியம் வைத்து நிரூபிக்க வேண்டும் என்ற மூன்றாவது விதியை நீ சேர்த்தாய். எனக்கு எதிராகப் பயன்படுத்தத்தான்.

விதி போட்ட வாரத்திலேயே நீ என்னைத் தோற்கடித்தாய். 'வாளாவிருத்தல்' என்ற சொல்லைக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலையில் நான் குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு ஓடி வந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே உன் அப்பா பேப்பரை விரித்துக்கொண்டு நிற்கிறார். நீ வாசல்படியில் ஷூ மாட்டிக்கொண்டே, "பால் பொங்கும்போது அப்பா வாளாவிருந்தார்" என்றாய். 'சும்மா இருந்தார்' என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மடக்கிப் பார்த்தேன். சும்மா இருந்தார் என்றால் வேலையில்லாமல் இருந்தார் என்று ஆகிவிடும், இவருக்கு வேலை இருந்தது, பார்த்துக்கொண்டே செய்யாமல் இருந்தார் என்று விளக்கினாய். இரண்டு மார்க்கையும் கொடுக்க வேண்டியதாயிற்று. "நான் வாங்கின திட்டுக்கு இவனுக்கு மார்க்கா?" என்றார் அப்பா. அவர் இருந்தவரை நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு அவர்தான் உதாரணம்.

அவர் போன பிறகும் விளையாட்டு நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்பதை நான் யோசித்திருக்கிறேன். உன்னிடம் எதையாவது நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்று முடித்துவிடுவாய். உன் அப்பாவும் அப்படித்தான். ஆனால் ஒரு சொல்லைக் கொடுத்துவிட்டால் உன்னிடமிருந்து ஓர் உண்மை வரும். மேலதிகாரியோடு சண்டை போட்டது, பெங்களூர் வேலையை வேண்டாமென்று எழுதிவிட்டு வந்தது, கயல் என்றொரு பெண் இருப்பது எல்லாமே எனக்கு அப்படித்தான் தெரிய வந்தன. வீட்டில் பொய் சொல்ல உனக்கு எத்தனையோ வழி இருந்தது. மேஜையில் அந்த விளையாட்டுக்குள் மட்டும் நீ பொய் சொன்னதில்லை. அதனால்தான் லிஃப்டில் நீ சொன்னதை நான் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கு முன்னால் நடந்ததையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். போன மழைக்காலத்தில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. முட்டிதான் முன்னைவிட மோசமாயிற்று. நீ தரமணியில் ஆபீஸில் இருந்தாய். நான் ஊர்ந்து வந்து போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டு, நீ வந்து சேரும்வரை நடையில் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து என்னை அப்படிப் பார்த்தபோது உன் முகம் இருந்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹாலில் கேமரா வைத்தாய். ஆபீஸிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம், உனக்கும் நிம்மதி எனக்கும் நிம்மதி என்றாய். நானும் சரி என்றேன். அந்தக் கேமரா சமையலறை வாசலையும் சோபாவையும் பார்க்கும். பால்கனியைப் பார்க்காது. நான் பால்கனியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் போன் அடிக்கும். "எங்கம்மா இருக்க?" என்பாய். கொஞ்ச நாளில் நான் என்னையறியாமலே கேமராவுக்குத் தெரிகிற இடத்தில் உட்காரப் பழகிவிட்டேன். புத்தகத்தை அங்கேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். கீரை ஆய்வதும் அங்கேதான். வெளியே போகலாம் என்றால் நம் தெருமுனையிலிருந்து லஸ் வரை மெட்ரோ வேலைக்காகத் தகரத் தடுப்பு வைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கடைக்குப் போகவும் ஊரைச் சுற்ற வேண்டும். நம் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது, நாம் இருப்பது இரண்டாம் மாடி. ஆக, ஊரெல்லாம் சுற்றிச் செய்தி சேகரித்தவள் ஒரு சோபாவின் இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன். இதை உன்மேல் குறையாகச் சொல்லவில்லை. என்னை யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் எழுந்து போகவும் முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் கயலை அவள் கம்பெனி டொரண்டோவுக்கு அனுப்புவதாகச் சொன்னது. உங்கள் கம்பெனிக்கும் அந்த ஊரில் ஆபீஸ் இருக்கிறது. கேட்டால் டிரான்ஸ்ஃபர் கிடைக்கும் என்று நீயே ஒரு முறை சொன்னாய். பிறகு கேட்டேன், கொடுக்கவில்லை என்றாய். என்னிடமும் அதைத்தான் சொன்னாய், கயலிடமும் அதைத்தான் சொன்னாய். அவள் தன் வாய்ப்பை விட்டுவிடுவதென்று அநேகமாக முடிவு செய்துவிட்டாள். கல்யாணத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவள் கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். அவள் அம்மாவுக்கு உள்ளூர சந்தோஷம். ஒரே பெண், அடையாறிலேயே இருந்துவிடுவாள். எல்லோருக்கும் எல்லாம் சரியாக அமைந்துவிட்டது போல இருந்தது.

கூறைப்புடவை எடுக்கப் போன அன்று நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று உனக்குத் தெரியாது. கீழே முகூர்த்தக் கூட்டம். மூன்றாவது மாடியில் பட்டுப் பிரிவு. கயலின் அம்மாவுக்கு லிஃப்ட் என்றாலே பயம். என் முட்டிக்காகத்தான் ஏறினார். இரண்டாவது மாடி தாண்டியதும் ஒரு குலுக்கல், விளக்கு அணைந்து மங்கலாக ஒன்று எரிந்தது, மின்விசிறி நின்றது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த லிஃப்ட்காரர் மணியை அழுத்திவிட்டு, அசையாமல் சொன்னார்: "ஒன்னியும் ஆவாதுமா. அப்பப்போ இப்டித்தான் நிக்கும். மேல மோட்டார் ரூமுக்கு ஆளு போய்க்கினு கீறான்." கயலின் அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்டுகிறது என்று சொல்ல ஆரம்பித்தார். வெளியே யாரோ கதவைத் தட்டி, பதற வேண்டாம் என்று கத்தினார்கள். அந்தச் சத்தம்தான் அதிகம் பதற வைத்தது. சுவரெல்லாம் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் முகங்களே வியர்த்து நின்றன.

கயல்தான் யோசனை சொன்னாள். நீ அவளுக்கும் விளையாட்டைக் கற்றுக்கொடுத்திருக்கிறாய் என்று அன்றுதான் எனக்குத் தெரியும். பள்ளியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு படித்தவள், இப்போது ஆர்வமாகச் சொல் சேர்க்கிறாள். "அத்தை, ஒரு வார்த்தை குடுங்க. அம்மாவுக்குக் கொஞ்சம் பயம் மறக்கும்" என்றாள். நான் நிறைய யோசிக்கவில்லை. கீழே லிஃப்டுக்குக் காத்திருந்தபோது புடவை ஒன்றின் கரையில் கொடி ஓடியிருந்ததைக் கயலின் அம்மா ஆசையாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நினைவில் 'கொழுகொம்பு' என்றேன். கயல் விழித்தாள். "இன்னாமா அது?" என்று லிஃப்ட்காரரும் திரும்பினார். கொடி பற்றிப் படர்வதற்காகப் பக்கத்தில் ஊன்றி வைக்கிற குச்சி, ஒருவருக்குப் பிடிமானமாக இருப்பவரையும் அப்படிச் சொல்வார்கள் என்று விளக்கினேன். ஆக, அந்தச் சொல்லை உன் கையில் கொடுத்தவள் நான்தான்.

கயல் முதலில் முயன்றாள். "இப்போ எங்கம்மாவுக்கு என் கைதான் கொழுகொம்பு" என்றாள். தகவல் சரி, கை சிவந்துபோயிருந்தது. ஆனால் அந்த இடத்தில் 'பிடி' என்றாலும் போதும், ஆகவே பாதி மார்க் என்றேன். "எனக்கு மார்க்கெல்லாம் வேணாங்க்கா, கதவு தொறந்தா போதும்" என்றார் அவள் அம்மா. ஆனால் லேசாகச் சிரித்தார். லிஃப்ட்காரர் தன் ஸ்டூலைத் தட்டிக்காட்டி, "நம்மளுக்கு இதான்மா கொழுகொம்பு" என்றார். கயல் சத்தமாகவே சிரித்தாள். பிறகு எல்லோரும் உன்னைப் பார்த்தோம். நீ கண்ணாடியில் சாய்ந்தபடி, அதே சிரிப்போடு, சாதாரணமாகச் சொன்னாய்:

"கொழுகொம்புக்கு டிரான்ஸ்ஃபர் கிடையாதும்மா."

வேடிக்கையாகத்தான் சொன்னாய். சொன்ன பிறகுதான் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது உனக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். கயலின் சிரிப்பு நின்றது. "உங்க ஆபீஸ்ல குடுக்கலன்னு சொன்னியே" என்றாள், மெதுவாக. நீ கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அவள் அம்மாவுக்கோ அது காதில் விழவில்லை. பயத்தைக்கூட மறந்துவிட்டார். "மாப்பிள்ளை எவ்ளோ அழகா சொல்லிட்டாரு பாருங்கக்கா. இந்தக் காலத்துல எந்தப் புள்ள அம்மாவை இப்படி நெனைக்குது" என்று என் தோளைத் தொட்டார். "குடுத்து வச்சவங்கமா நீங்க" என்றார் லிஃப்ட்காரர்.

அந்தப் பெட்டிக்குள் அதுவரை எனக்குப் பயமே இல்லை. தீ விபத்துக் கட்டடங்களுக்குள், வெள்ளம் புகுந்த தெருக்களுக்குள் நின்று எழுதியவள் நான். லிஃப்ட் எப்படியும் நகர்ந்துவிடும் என்று தெரியும். அந்தப் பாராட்டு வந்த பிறகுதான் எனக்கு மூச்சு முட்டியது. நான் சும்மா இருந்தால் உன் வாக்கியம் அப்படியே நின்றுவிடும். நீயும் நின்றுவிடுவாய், கயலும் நின்றுவிடுவாள், கல்யாண வீட்டில் ஒவ்வொருவரும் அதை எடுத்துச் சொல்லி மகிழ்வார்கள். மறுத்தால், மகன் பாசமாகச் சொன்னதைச் சம்பந்தி முன்னால் தட்டிவிட்ட அம்மா ஆவேன். கயல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விதி தெரியும். நான் சரி என்று சொன்னால் அது மார்க் மட்டும் இல்லை, நீ சொன்னது உண்மை என்று நான் கையெழுத்துப் போடுவது.

பிரயோகத்தை நான் நேர்மையாகத்தான் பார்த்தேன். 'துணை' என்று வைத்துப் பார்த்தேன். துணை கூடவே வரலாம், வேறு ஊருக்கும் போகலாம். 'ஆதரவு' என்று வைத்தேன். அதை எவ்வளவு தூரத்திலிருந்தும் தரலாம். ஊன்றிய இடத்தைவிட்டு நகரவே கூடாது என்பது கொழுகொம்பு ஒன்றுக்குத்தான். இத்தனை வருடத்தில் நீ சொன்னதிலேயே அதுதான் சிறந்த பிரயோகம். ஆகவே சரி என்றேன். அடுத்த மார்க்குக்கு வந்தபோது தப்பு என்றேன். நீ நிரூபிக்கச் சொன்னாய், லிஃப்ட் குலுங்கி ஏறியது, கதவு திறந்தது, வெளியே நின்ற கூட்டம் நம்மை ஏதோ சாதித்து வந்தவர்கள் போலப் பார்த்தது. கயலின் அம்மா சொன்ன கொடிக்கரைப் புடவையையே எடுத்தோம். கயல் எந்த நிறம் என்றாலும் சரி என்றாள். மாம்பலம் ஸ்டேஷன் வரை அவள் உன் பக்கத்தில் நடக்கவில்லை, என் பக்கத்தில் நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நீ, "அது சும்மா ஒரு வாக்கியம்மா" என்றாய். நம் வீட்டில் சும்மா ஒரு வாக்கியம் என்று எதுவும் இருந்ததில்லை. அது உனக்கும் தெரியும். மறுநாள் கயல் போன் செய்தாள். அவன் கேட்கவே இல்லையா, இல்லை கிடைத்ததை வேண்டாமென்றானா என்று என்னிடம் விசாரித்தாள். எனக்குத் தெரியாது, அவனிடமே கேள் என்றேன். கேட்டால் பேச்சை மாற்றுகிறான் என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்க தப்புன்னு சொன்னீங்களே அத்தை, அதுல எது தப்பு?" ஆதாரம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி வைத்தேன். உண்மையைச் சொன்னால், அன்று என்னிடம் ஆதாரம் இல்லை. கையில் ஒன்றும் இல்லாமல் நான் வெளியிட்ட ஒரே மறுப்பு அதுதான். நீ சொன்னது அன்றைய தேதியில் பெரும்பாலும் சரி.

ஏன் சரி என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது செய்தி இல்லை. அப்பா போன பிறகு நான் உன்மேல் சாய்ந்துதான் இருந்தேன். பெங்களூர் வேலையை நீ வேண்டாமென்றபோது, ஏன் என்று ஒரு முறைக்கு மேல் நான் கேட்கவில்லை. நீ ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும் நேரத்தை வைத்துத்தான் என் மாலை நடந்தது. பேங்க் வேலை, கரண்ட் பில், டாக்டர் எல்லாவற்றையும் உன் போனுக்குள் நகர்த்திவிட்டு, அது வசதி என்று சொல்லிக்கொண்டேன். கேமராவை வேண்டாமென்று நான் சொல்லியிருந்தால் நீ கழற்றியிருப்பாய். சொல்லவில்லை. ஒருவர் நகராமல் நின்றுகொண்டே இருந்தால், மற்றவரும் சாய்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நிமிர்ந்தால், எதற்காக நின்றாய் என்ற கேள்வி வந்துவிடும். அந்தக் கேள்வி வராமலிருக்க நான் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்தேன் என்று இப்போது தோன்றுகிறது. இதெல்லாம் உன் பக்கத்து ஆதாரம். இனி என் பக்கத்துக்கு வருகிறேன்.

கூறைப்புடவைக்குக் குஞ்சம் கட்ட அந்தக் கடையிலேயே கொடுத்திருந்தோம் அல்லவா, அதை வாங்கி வர ஒரு வேலைநாளில் நானாகக் கிளம்பினேன். சோபாவைவிட்டு எழுந்து, கேமரா பார்க்கும்போதே செருப்பை மாட்டினேன். தகரத் தடுப்பை ஒட்டி, ஒரு ஆள் போகும் அகலத்தில் விட்டிருக்கிற வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து பஸ் பிடித்தேன். பஸ் ஊர்ந்து ஊர்ந்து பனகல் பார்க் பக்கம் போனபோது உன் போன் வந்தது. எங்கே என்றாய், தி.நகர் என்றேன். "யாரோட?" என்றாய். "தனியாத்தான்" என்றேன். பிறகு, "லிஃப்ட்ல ஏறாத" என்றாய். அந்த மூன்றாவது மாடிக்கு என் முட்டியோடு படியேற முடியாது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கடைக்குப் போனதும், கீழேயே உட்கார்ந்து யாரையாவது அனுப்பி எடுத்து வரச் சொல்லலாம் என்று தோன்றியது. கடைப் பெண் ஒருத்தி நாற்காலிகூடப் போட்டாள். நான் அதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் அதுவும் ஒரு சோபாவின் இடது ஓரம் மாதிரியே இருப்பது தெரிந்தது.

எழுந்து லிஃப்ட் வாசலில் போய் நின்றேன். அன்று இல்லாத பயம் இன்று தனியாக நிற்கும்போது இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை. கதவு திறந்தது. ஸ்டூலில் அவரேதான்.

"வாங்கமா, வார்த்த சொல்ற அம்மாதானே நீங்க. இன்னிக்கி நிக்காது, ஏறுங்க" என்றார். ஏறினேன். கண்ணாடியில் ஒரே ஒரு முகம்தான் வியர்த்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "புள்ள வரலியா?" என்று கேட்டார். வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். "இங்கயே இருந்துடுவாருல்ல? உங்கள வுட்டுட்டு எங்கமா போவாரு" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார். "போகணும். அதுக்குத்தான் நான் இதுல ஏறி வந்தேன்" என்றேன். அவருக்குப் புரிந்திருக்காது. "பாத்து எறங்குங்க" என்றார். இரண்டாவது மாடி தாண்டும் இடத்தில் ஒரு சின்னக் குலுக்கல் இருந்தது. நிற்கவில்லை. இதில் பெரிய வீரம் எதுவும் கிடையாது. எல்லோரும் செய்கிற காரியம். ஆனால் கீழே இறங்கி, குஞ்சம் கட்டிய புடவையை மடியில் வைத்துக்கொண்டு பாண்டி பஜாரில் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்தபோது, உனக்குப் போன் பண்ண வேண்டும் என்று தோன்றாமலே நிறைய நேரம் போயிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு பல நாள் முட்டி வலித்தது. படியேறும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். நீ அதைக் கேமராவில் பார்த்திருக்க முடியாது, ஆகவே நானே சொல்கிறேன்.

இன்னொன்றையும் சோதித்தேன். பால்கனியில் நீ வைத்துக் கொடுத்த பாகற்கொடிக்கு மூங்கில் குச்சி ஒன்று ஊன்றிக் கட்டினாய் அல்லவா? கேமரா பார்க்காத பக்கம் என்பதால் நானும் அதைக் கவனித்துப் பார்த்து நாளாயிருந்தது. போய்ப் பார்த்தால் கொடி குச்சியைவிட்டு எப்போதோ நகர்ந்து ஜன்னல் கம்பிகளில் ஏறிவிட்டிருக்கிறது. குச்சி நடுவில் தனியாக நிற்கிறது. கீழே ஒரே ஒரு சுருள் மட்டும் பழைய பழக்கத்தில் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு வாரம் யோசித்துவிட்டு குச்சியைப் பிடுங்கினேன். அந்தச் சுருள் அறுந்தது. அடியில் சில இலைகள் பழுத்து உதிர்ந்தன. அதையும் எழுதத்தான் வேண்டும், ஒன்றுமே ஆகவில்லை என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. ஆனால் கொடி விழவில்லை. இன்று காலை கம்பிக்கு வெளிப்புறம் கைநீட்டி ஒரு காய் பறித்தேன். கசப்பாகத்தான் இருந்தது, உன் அப்பாவுக்குப் பிடித்த மாதிரி.

இப்போது நீ செய்ய வேண்டியது இரண்டு. முதலில் கயலிடம் போய், கம்பெனி மறுக்கவில்லை, கேட்காமல் விட்டதோ வேண்டாமென்றதோ நீதான் என்று சொல். இதைப் படித்து அவள் தெரிந்துகொள்வதற்கு முன்னால் உன் வாயால் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காகத்தான் இந்தத் தாளை அவளுக்குக் கொடுக்கும் வேலையையும் உன்னிடமே விட்டிருக்கிறேன். எனக்காகப் பொய் சொல்வதாக நினைத்து அவள் பாதையையும் அடைத்துவிட்டாய். அவள் கோபப்படுவாள், படட்டும். பிறகு, ஆபீஸில் கேள். அவர்கள் உண்மையாகவே மறுத்தால் அது வேறு. அப்போதும் நீங்கள் இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள், என் முட்டியை வைத்து முடிவு செய்யாதீர்கள். கயலின் அம்மாவுக்கு ஒரு வார்த்தை: நீங்கள் என் தோளைத் தொட்டுச் சொன்னதை நான் மறக்கவில்லை. நம் இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் இல்லாத மாலைகள் வரத்தான் போகின்றன. அடையாறிலிருந்து மந்தைவெளிக்கு வர மூச்சு முட்டாத பஸ் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. பாகற்காய் பிடிக்குமென்றால் வாருங்கள்.

கேமராவைக் கழற்றி உன் மேஜையில் வைத்திருக்கிறேன். கோபத்தில் இல்லை. நான் விழவே மாட்டேன் என்று உனக்கு உறுதி தர முடியாது. யாராலும் முடியாது. விழுந்தால் கூப்பிடுவேன், உன்னையும் கூப்பிடுவேன், கீழ்வீட்டுக்காரர்களையும் கூப்பிடுவேன். அவர்களிடம் ஒரு சாவி கொடுத்து வைத்திருக்கிறேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதவில்லை. பயத்தோடு லிஃப்டில் ஏறி இறங்கினேன் என்றுதான் எழுதியிருக்கிறேன்.

விதிப்படி, தப்பென்று சொன்னவள் அதே சொல்லில் ஒரு வாக்கியம் வைக்க வேண்டும். இதோ என்னுடையது:

கொழுகொம்பைப் பிடுங்கி எடுத்த பிறகும் எங்கள் பால்கனியில் பாகல் காய்க்கிறது.

பிரயோகத்தை இப்போதே சரிபார்த்துக்கொள். தகவலுக்கான மார்க்கை நீ டொரண்டோ போய்ச் சேர்ந்த பிறகு, அங்கிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு போடு.

அம்மா